ஆற்றில் இறங்கியது, ரத்தத்தில் ஏறியது

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், ஓஹையோ ஆற்றங்கரையில் பார்க்கர்ஸ்பர்க் என்றோர் ஊர். அதையொட்டி டூபாண்ட் நிறுவனத்தின் வாஷிங்டன் ஒர்க்ஸ் ஆலை. 1951-இல், த்ரீஎம் நிறுவனம் தயாரித்த ஒரு ரசாயனம் அந்த ஆலைக்குள் நுழைந்தது. முழுப்பெயர் பெர்ஃப்ளூரோ ஆக்டனாயிக் அமிலம். எட்டு கார்பன் அணுக்கள் இருப்பதால் ஆலைக்காரர்கள் வாயில் சி8. ஒட்டாத பாத்திரங்களில் பூசும் டெஃப்ளான் தயாராகும்போது கட்டிதட்டாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. வேலை முடிந்தால் அது கழிவு.

எரித்துவிடுங்கள், இல்லையென்றால் ரசாயனக் கழிவு நிலையத்துக்கு அனுப்புங்கள் என்று த்ரீஎம் சொல்லியிருந்தது. ஆற்றிலோ சாக்கடையிலோ விடக்கூடாது என்று டூபாண்டின் சொந்த விதியும் சொன்னது. ஆனாலும் லட்சக்கணக்கான பவுண்டு சி8 குழாய் வழியே ஓஹையோ ஆற்றுக்குப் போனது. அது கலந்த 7,100 டன் சேறு, தரைப்பூச்சு இல்லாத திறந்த குட்டைகளில் கொட்டப்பட்டது. மிச்சம் புகைபோக்கி வழியே தூசாகப் பறந்தது.

சி8-இல் இருப்பதுபோல் கார்பனும் ஃப்ளூரினும் சேர்ந்துவிட்டால் எளிதில் பிரியாது. மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளாலும் அதைச் சிதைக்க முடியவில்லை. எனவே சி8 உருமாறாமல் மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீரோடு நகர்ந்து, ஊர்களுக்குத் தண்ணீர் தரும் கிணறுகளை அடைந்தது. பார்வைக்கும் ருசிக்கும் அது பிடிபடாது. காய்ச்சினாலும் போகாது, குளோரின் போட்டாலும் போகாது.

1984-இல் அக்கம்பக்கத்துக் குடிநீரில் சி8 இருப்பதைச் சோதித்து அறிந்தது டூபாண்டேதான். 1991-இல் அதன் விஞ்ஞானிகள் குடிநீருக்கு ஒரு வரம்பு வைத்தார்கள்: லிட்டருக்கு 1,000 நானோகிராம். அதே ஆண்டு ஒரு பகுதியின் நீரில் அதைப் போல மூன்று மடங்கு இருந்தது. குடிப்பவர்களுக்குச் சொல்லவில்லை. 2000 அக்டோபரில்தான் ஆலைக்கு அருகிலுள்ள லுபெக் பகுதியின் குடிநீர் அமைப்பு வீடுகளுக்குக் கடிதம் அனுப்பியது: கொஞ்சம் இருக்கிறது, உடம்புக்கு ஆபத்தில்லை.

உண்மை வெளிவந்தது மாடுகளால். ஆலைக் கழிவு கொட்டும் இடத்துக்குக் கீழே ஓடைத் தண்ணீர் குடித்த மாடுகள் செத்து விழ, வில்பர் டெனன்ட் என்ற விவசாயி ராப் பிலாட் என்ற வழக்கறிஞரிடம் போனார். 1999-இல் வழக்கு. நீதிமன்ற உத்தரவால் டூபாண்ட் ஒப்படைத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் பழைய சோதனை முடிவுகளும் இருந்தன.

பிறகு ஊரே வழக்குப் போட்டது. 2004 உடன்பாட்டின்படி, ஆறு குடிநீர்ப் பகுதிகளைச் சேர்ந்த சுமார் 69,000 பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். சி8-இன் நடு அளவு மில்லிலிட்டருக்கு 28 நானோகிராம். நாட்டின் பிற பகுதிகளில் அது 4 வாக்கில் இருந்தது. உடம்பில் ஏறியதில் பாதி குறையவே இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகும். சிறுநீரகப் புற்று, விரைப் புற்று, தைராய்டு நோய் உள்ளிட்ட ஆறு நோய்களுக்கும் சி8-க்கும் தொடர்பிருக்க வாய்ப்பு அதிகம் என்று, அதே உடன்பாட்டின்படி அமைந்த அறிவியல் குழு 2012-க்குள் முடிவு சொன்னது.

இன்று குடிநீரில் இதே சி8 இருக்கிறதா என்று பார்க்க, நீர் மாதிரி ஆய்வகத்துக்குப் போகும் வழி விசித்திரமானது. தண்ணீர் பிடிக்கும் பாலிபுரொப்பிலீன் பாட்டிலின் மூடியில் டெஃப்ளான் இருக்கக்கூடாது. இருந்தால் எது தண்ணீரில் வந்தது, எது மூடியில் வந்தது என்று தெரியாது. அதற்காகவே தூய நீர் நிரப்பிய பாட்டில் ஒன்றும் குழாயடிக்குக் கூடவே போகிறது. அங்கே அதை வேறொரு பாட்டிலில் ஊற்றித் திரும்பக் கொண்டுவருவார்கள். அதில் சி8 குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் எடுத்த மாதிரி செல்லாது. ஆய்வகத்தில் கால் லிட்டர் நீரைச் சிறு வடிகுழலில் செலுத்துவார்கள். அதில் ஒட்டியதை மெத்தனாலில் கழுவி எடுத்து, ஒரு மில்லிலிட்டராகச் சுருக்குவார்கள். பிறகு நிறை நிறமாலைமானி. 413 நிறையுள்ள அயனி உடைந்து 369 ஆவதைக் கருவி கண்டால், அது சி8-இன் கைரேகை.

2024 ஏப்ரலில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடிநீரில் சி8-க்கான சட்டபூர்வ வரம்பை லிட்டருக்கு 4 நானோகிராம் என்று நிர்ணயித்தது. 1991-இல் நிறுவனம் தனக்குத் தானே வைத்துக்கொண்ட எண்ணில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு.

ஆனால் கருவி கூர்மையானதால் மட்டும் நிலைமை மாறிவிடவில்லை. 1984-லும் அளக்கத் தெரிந்திருந்தது, அளந்தும் பார்த்தார்கள். முடிவைக் குடிப்பவர்களிடம் சொல்லியே தீரவேண்டும் என்ற கட்டாயம்தான் அந்த நிறுவனத்துக்கு இருக்கவில்லை. இப்போது அமெரிக்கக் குடிநீர் அமைப்புகள் ஆண்டுதோறும் தண்ணீரின் தர அறிக்கையை வாடிக்கையாளர்களுக்குத் தர வேண்டும். சி8 அளவும் அதில் இடம்பெறப்போகிறது. மறைக்கப்பட்ட பதினாறு ஆண்டுகளுக்கு ஊர் கொடுத்த விலையைப் பார்த்தால், சோதனைக்கூடத்துக்கு நிகரான காவல் அந்த அறிக்கைதான்.