தாயின் மார்பும் சேயின் நோவும்

பிறந்த குழந்தைக்கு நோவு தெரியாதென்று மருத்துவருட் பலர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். நரம்பு முதிரவில்லையாம்! குறைமாதச் சேய்கள் பலவற்றின் நெஞ்சைத் திறந்தபோதும், உடல் அசையாதிருக்க ஒரு மருந்தும் லேசான மயக்க வாயுவுமே கொடுத்தனர்.

இந்நம்பிக்கையை அசைத்தவர் இந்திய மருத்துவர் கன்வல்ஜீத் சிங் ஆனந்த். ஆக்ஸ்போர்டில் அவர் நடத்திய ஆய்வு 1987இல் வெளிவந்தது. நோவு தணிக்கும் ஃபெண்டானில் பெறாத சேய்களின் குருதியில் அதிர்ச்சிச் சுரப்புகள் பெருகின. அறுவைக்குப் பிந்திய தொல்லைகளும் மிகுந்தன. சேய்க்கு நோகாதென்று கருதியவர் கற்றோரே, தாய்மார் அல்லர்.

ஆயினும், குதிகாலில் குத்திக் குருதி எடுக்கும் சிறு நோவுக்கெல்லாம் அத்தகைய கடுமருந்து தகுமா? கொலம்பியாவின் போகோட்டாவில் 1978இல், வெப்பப் பெட்டிகள் போதாமையால், மருத்துவர் எட்கர் ரே குறைமாதச் சேய்களைத் தாயின் மார்போடு மேனி படச் சேர்த்து வைத்தார். அது வெப்பத்துக்காகச் செய்த ஏற்பாடு. நோவையும் தணிக்குமா என்று பாஸ்டனில் 30 குழந்தைகளிடம் சோதித்து, முடிவை 2000இல் வெளியிட்டனர். குதிகாலில் குத்தியபோது, தாயின் மார்பிற் கிடந்தவை தொட்டிலில் துணி சுற்றிக் கிடந்தவற்றினும் 82 விழுக்காடு குறைவாக அழுதன.

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பிறக்கும் குழந்தைக்குக் காசநோய்த் தடுப்பூசி முதலியன பிறந்தவுடனே உண்டு. மஞ்சள் கண்டால் குதிகால் குத்தும் உண்டு. மார்பில் அணைத்துக்கொள்ளலாமா என்று தாய் தாதியிடம் முன்னரே கேட்டுவைப்பது நன்று. பாஸ்டனில் குத்துவதற்கு 10 முதல் 15 நிமிடம் முன்பே அணைத்திருந்தனர்.