வாய்க்கு 75 மார்க்

அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர், பரண்மேல் டிரங்குப் பெட்டியில் தன் என்.சி.சி. சான்றிதழை இன்னும் வைத்திருக்கிறார். ஓரம் செல்லரித்துவிட்டது, மடிப்பில் ஒட்டிய டேப் பழுப்பேறிக் கிடக்கிறது. எழுபதுகளில் டாக்டர் சீட் இன்டர்வியூவுக்குக் கொண்டுபோன காகிதம். சீட் கிடைக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ரிட்டயரானார்.

அந்தக் காகிதத்துக்கு மதிப்பு வந்தது 75 மதிப்பெண்ணால். 1970-ல் தமிழக மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் மொத்தம் 275. அதில் 75 நேர்முகத்துக்கு. விளையாட்டு அல்லது என்.சி.சி., சேவை, உடல்திறன், பொதுத்திறன், நாட்டம் என ஐந்து தலைப்புகள். தலைப்புவாரியாகப் போட வேண்டியதை ஒரே தொகையாகப் போட்டார்கள். இந்தச் சேர்க்கையை எதிர்த்த பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தவறென்றது. 75 அதிகமாகத் தெரிகிறது என்றும் சொன்னது. எனக்கு உறுத்துவது அந்த மொத்தத் தொகைதான். மளிகைக் கடைக்காரர்கூட உப்பு, புளி என்று தனித்தனியே எழுதித்தான் கூட்டுகிறார்.

1980-ல் அஜய் ஹாசியா வழக்கு. இது ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி. 150-ல் 50 நேர்முகத்துக்கு. ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம். கேட்டதோ பெற்றோரையும் ஊரையும் பற்றி என்று புகார். நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றது நீதிமன்றம்.

தமிழகத்தில் 1984-ல் நுழைவுத் தேர்வு வந்தது. 2007-ல் அதுவும் போய், 2017-ல் நீட். வேலூர் சி.எம்.சி. மட்டும் மாணவர்களை நாள்கணக்கில் தங்கவைத்துப் பார்த்துப் பழகித் தேர்ந்தெடுத்து வந்தது. நீட் தகராறில் 2017-ல் 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றைத்தான் நிரப்பியது. ஆளைப் பார்ப்பதே தப்பென்று நான் சொல்லமாட்டேன். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் ஒரே நேர்முகத்தைப் பல குட்டி நேர்முகங்களாக உடைத்தது. ஒவ்வொரு அறையிலும் வேறு ஆள், வேறு கேள்வி. ஒருவருக்குப் பிடிக்காமல் போனாலும் அடுத்த அறை இருக்கிறது.

பெரியவரின் பேத்தி இப்போது நீட் கோச்சிங் போகிறாள். போன வாரம் பெட்டியைக் குடைந்தவள், “தாத்தா, இதைக் காட்டினதும் என்ன கேட்டாங்க?” என்றாள்.

“இதை யாரும் வாங்கியே பாக்கல கண்ணு. அப்பா என்ன பண்றார்னு கேட்டாங்க.”