கஞ்சித் தொட்டி: ஒரு மருத்துவமனைப் பெயரின் மறுவாசிப்பு

ஸ்டான்லி மருத்துவமனையின் தோற்றம் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் நகர்கின்றன: மணியக்காரர் சத்திரத்துக்கு ஒரு பத்தி, ஆளுநர் ஸ்டான்லிக்கு ஒரு பத்தி, பிறகு கல்லூரி முதல்வர்களும் பேர்பெற்ற அறுவை மருத்துவர்களும். வடசென்னையின் மருத்துவ மாற்றம் இவ்வாறு தலைமையேற்றவர்களின் பணிவரலாறாகச் சுருங்கிவிடுகிறது. ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் முதியவர்கள் வாயில் நிற்கும் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்ற பெயருக்கு அங்கே துணுக்கின் மதிப்புதான். அதைச் சான்றாகவே படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

சிக்கல் ‘தொட்டி’ என்ற சொல்லில் இருக்கிறது. முந்தைய ஆய்வுகள் அதைப் பாத்திரமாகக் கொண்டன. கஞ்சி ஊற்றிய தொட்டி, அதன்முன் கையேந்திய பஞ்சைகள் என்று படம் விரிய, பெயர் இரக்கத்தின் நினைவுச்சின்னம் ஆகிவிட்டது. ஆனால் சென்னைத் தமிழில் தொட்டிக்கு இன்னொரு பொருள் உண்டு. விறகுத் தொட்டி என்றால் விறகு விற்கும் கிடங்கு; ஆட்டுத் தொட்டி என்றால் ஆடு அறுக்கும் கூடம். இரண்டிலும் தொட்டி என்பது ஒரு பொருள் வந்துசேர்ந்து, ஊருக்குப் பிரிந்துபோகும் இடம். வேலையிழந்த நெசவாளர்களுக்குக் ‘கஞ்சித் தொட்டி திறந்தார்கள்’ என்று அண்மைக்காலம் வரை செய்தித்தாள்கள் எழுதின. அங்கே திறக்கப்பட்டது பாத்திரம் அன்று, ஓர் ஏற்பாடு.

கஞ்சியை ஆறவைக்க அங்கே உண்மையிலேயே ஒரு தொட்டி இருந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அடுப்பில் ஏறுவது அண்டா. அண்டாவின் பெயரால் அந்த இடம் வழங்கவில்லை. இன்றைய வழக்கைப் 18ஆம் நூற்றாண்டின்மேல் ஏற்றுவது காலப்பிழை ஆகாதா என்று கேட்கலாம். பெயரிட்டவர் மனத்தில் இருந்தது எது என்பது என் கேள்வி அன்று. தலைமுறைகளாக அதைச் சொன்னவர்கள் காதில் அது எப்படி ஒலித்தது என்பதே கேள்வி. விறகுத் தொட்டிக்கும் ஆட்டுத் தொட்டிக்கும் நடந்துபோனவர்களுக்கு அது இடப்பெயராகவே ஒலித்திருக்கும். இது வெறும் கொச்சை வழக்கு என்ற மறுப்பில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. ஆங்கில ஆவணங்களின் ‘மோனிகர்’ என்பதும் மணியக்காரரின் சிதைவுதானே.

இப்படிப் படித்தால் ஆண்டுகளின் வரிசைக்கும் வேறு பொருள் கிடைக்கிறது. 1782இல், ஹைதர் அலியுடனான போர்க்காலப் பஞ்சத்தில், சத்திரம் கஞ்சி வழங்கத் தொடங்கியது. பசியால் வந்தவர்களில் நோயாளிகள் இருந்தார்கள். 1799இல் கம்பெனி மருத்துவர் ஜான் அண்டர்வுட் இந்தியர்களுக்கான மருத்துவமனையை அங்கேயே தொடங்கினார். மருத்துவப் பள்ளியை ஆளுநர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டான்லி திறந்துவைத்தது 1934இல்; அது 72 மாணவர்களோடு கல்லூரியானது 1938இல். உணவு, சிகிச்சை, கற்பித்தல் என்பதே இங்கே நிகழ்ந்த வரிசை. கற்பிக்க வந்தவர்களுக்கு ஒன்றரை நூற்றாண்டாக மக்கள் வந்துபோய்ப் பழகிய வாசல் ஏற்கெனவே கிடைத்தது. அவர்கள் அமைப்பை உருவாக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த அமைப்புக்குள் வந்தார்கள்.

தனிமனிதர்களின் பங்கை இந்த வாசிப்பு அழித்துவிடாது. அண்டர்வுட் இல்லாமல் 1799 இல்லை. எனினும் நோயாளிகள் கூடுகிற இடத்தைத் தேடி அவர் சென்றார் என்பதில்தான் அவருடைய தலைமை இருக்கிறது. புதிய இடத்துக்கு அவர்களை அவர் அழைக்கவில்லை. துறைமுகக் கூலிகளும் காசிமேட்டு மீனவர்களும் எண்ணூர், திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளர்களும் பின்னாளில் வந்துசேர்ந்தது இந்த வாசலுக்கே. சுகாதார நிர்வாகிகளுக்குத் தலைமைப் பண்பு கற்பிக்கும் இன்றைய பயிற்சிகள் முன்னோடிகளின் வாழ்க்கையிலிருந்து பாடம் எடுக்கின்றன. வாசலின் வரலாற்றிலிருந்தும் எடுக்கலாம்.

ஸ்டான்லியின் வரலாற்றை இனி எழுதுபவர்கள் 1934ஐ மூன்றாம் அத்தியாயமாக வைக்க வேண்டும். முதல் அத்தியாயம் கஞ்சி; இரண்டாவது மருந்து.