இடனறிதல்

திருக்குறளில் வலியறிதலுக்கும் காலமறிதலுக்கும் அடுத்து வரும் அதிகாரம் இடனறிதல். படை நடத்தும் அரசனுக்கு உரைக்கப்பட்ட அறிவுரை அது. அரசர்களும் அவர்தம் போர்க்களங்களும் மறைந்துபோயினும், அதே இடமறியும் அறிவைத் தேடி அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு தொழில்நுட்பம் பாடுபட்டு வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ என்றும் தமிழில் மிகை மெய்ம்மை என்றும் அது வழங்கப்படுகிறது.

பெயரைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. கண்முன் உள்ள உண்மைக் காட்சியை மறைக்காமல், அதன்மேல் கணினி வரைந்த உருவம் ஒன்றைப் பொருத்திக் காட்டுவதே மிகை மெய்ம்மை. வெற்று மேசையைக் கைப்பேசியின் கேமரா வழியே நோக்கினால் அதன்மேல் ஒரு பூந்தொட்டி இருப்பதாகத் தெரியும். மேசையைச் சுற்றி நடந்தால் தொட்டியின் மறுபுறம் தெரியும். அருகே சென்றால் அது பெரிதாகும். இந்தத் தோற்றம் கலையாதிருக்க வேண்டுமானால், பார்ப்பவர் எங்கே நிற்கிறார், எப்பக்கம் நோக்குகிறார் என்பதைக் கருவி நொடிக்குப் பலமுறை கணித்துக்கொண்டே இருக்க வேண்டும். கணக்குச் சற்றே பிசகினாலும் தொட்டி மேசையை விட்டு வழுக்கிக் காற்றில் மிதக்கும். உருவத்தை வரைவதைவிட இடத்தை அறிவதே இக்கலையில் கடினமானது. அதன் வரலாறு பெரும்பாலும் இந்தக் கடினத்தை வென்ற வரலாறே ஆகும்.

கூரையிலிருந்து தொங்கிய கருவி

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்னும் அறிஞர், தம் மாணவர் பாப் ஸ்பிரவுல் முதலியோர் துணையுடன், தலையில் அணியும் காட்சிக் கருவி ஒன்றை உருவாக்கினார். அதைப் பற்றிய அவரது கட்டுரை 1968 டிசம்பரில் வெளிவந்தது. கருவியை அணிந்தவர் தம்மைச் சுற்றியுள்ள அறையையும் கண்டார். அறையின் நடுவே ஒளிக்கோடுகளால் ஆன ஓர் உருவம் மிதப்பதையும் கண்டார். அவர் தலை திரும்பும் திசையைக் கணினி அறிவதற்காகக் கூரையிலிருந்து ஓர் இயந்திரக் கை இறங்கித் தலைக்கருவியோடு பிணைக்கப்பட்டிருந்தது. அரசனின் விருந்தில் அமர்ந்த ஒருவனின் தலைக்கு மேல் ஒற்றை முடியில் வாள் தொங்கிய கிரேக்கக் கதையை நினைத்து, அக்கையை ‘டாமகிளீஸின் வாள்’ என்று அழைத்தனர். இடத்தை அறிய வேண்டுமாயின் மனிதனைக் கூரையோடு கட்டிவைக்க வேண்டியிருந்த காலம் அது.

இக்கலைக்கு இன்றைய பெயர் கிடைத்தது ஒரு தொழிற்சாலையில். போயிங் விமான நிறுவனத்தில் பணிபுரிந்த டாம் காடெல், டேவிட் மிசெல் ஆகிய இருவர் 1992-இல் வெளியிட்ட கட்டுரையில் அச்சொல்லைக் காண்கிறோம். விமானத்தினுள் செல்லும் கம்பிக் கற்றைகளைத் தொழிலாளர்கள் பெரிய பலகைகளின்மேல் வைத்துக் கட்டுவது வழக்கம். எந்தக் கம்பி எவ்வழியே செல்ல வேண்டும் என்பதை வரைபடத்தில் பார்த்து, பின் பலகைக்குத் திரும்பி, மீண்டும் வரைபடத்தைப் பார்த்து அவர்கள் வேலை செய்ய வேண்டும். வழிகாட்டும் கோட்டைத் தொழிலாளியின் கண்முன்னே, பலகையின்மேலேயே தோன்றச் செய்தால் என்ன என்பதே அவ்விருவரும் எழுப்பிய கேள்வி.

ஹிரோஷிமாவின் ஆசிரியர்

அடுத்த பெரும் பாய்ச்சலைத் தந்தவர் ஹிரோகாசு கட்டோ. ஜப்பானில் ஹிரோஷிமா நகரப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியரான அவர், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் மார்க் பில்லிங்ஹர்ஸ்ட் என்பவரோடு இணைந்து பணியாற்றினார். 1999-இல் அவர்கள் வெளியிட்ட முறை மிக எளியது. வெள்ளைத் தாளில் தடித்த கருப்புக் கட்டம் ஒன்றை அச்சிட வேண்டும். அதனுள் ஓர் அடையாளக் குறியை வரைய வேண்டும். கேமரா அக்கட்டத்தின் நான்கு முனைகளையும் கண்டுகொள்ளும். சதுரமான சன்னல் ஒன்றைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் அது சாய்ந்த நாற்கரமாகத் தெரிகிறதல்லவா? அந்தச் சாய்வைக் கொண்டே நாம் நிற்கும் கோணத்தைச் சொல்லிவிடலாம். அது சிறுத்துத் தெரியும் அளவைக் கொண்டு தொலைவைச் சொல்லிவிடலாம். கணினியும் அப்படியே கணக்கிட்டது. கூரையிலிருந்து இறங்கிய இயந்திரக் கையின் வேலையை ஒரு துண்டுத் தாள் செய்தது!

‘ஏ.ஆர்.டூல்கிட்’ எனப் பெயரிடப்பட்ட அம்மென்பொருளின் மூல நிரல் யாவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டது. ஒரு சாதாரணக் கணினியும் கேமராவும் அச்சிட்ட தாளும் இருந்தால் எந்த மாணவனும் இக்கலையைப் பயிலலாம் என்ற நிலை பிறந்தது.

அதே ஆண்டுகளில், இக்கலையைக் கட்டடங்களுக்கு வெளியே கொண்டு சென்றவர்களும் இருந்தனர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஃபைனர், டோபியாஸ் ஹோலரர் ஆகியோர் இதழியல் பேராசிரியர் ஜான் பாவ்லிக்குடன் சேர்ந்து 1999-இல் ஒரு புதுமையைச் செய்தனர். முதுகில் கணினியைச் சுமந்து வளாகத்தில் நடப்பவருக்கு, 1968-இல் அங்கே நிகழ்ந்த மாணவர் போராட்டத்தின் வரலாறு, அது நிகழ்ந்த இடத்திலேயே விரிந்தது. பல்கலைக்கழகம் வருமுன் அவ்விடத்தில் இருந்த மனநோய் மருத்துவமனையின் கட்டடங்களும் கண்முன் எழுந்தன. சில ஆண்டுகளில் கிரேக்க நாட்டின் பண்டை ஒலிம்பியாவிலும், இடிந்து கிடக்கும் கோவில்களை அவற்றின் முழு உருவில் காட்டும் முயற்சி ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு நடைபெற்றது. ஓரிடத்தின் நினைவை அவ்விடத்திற்கே திருப்பித் தரும் பணி என இவற்றைச் சொல்லலாம்.

விளையாட்டும் உடன் வந்தது. 2000-ஆம் ஆண்டில் தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் தாமஸ் குழுவினர், ‘குவேக்’ என்னும் புகழ்பெற்ற கணினி விளையாட்டின் அரக்கர்களை வளாகத்தின் உண்மைக் கட்டடங்களுக்கு இடையே உலவவிட்டனர். அதே ஆண்டு மே மாதம், செயற்கைக்கோள் இடங்காட்டியின் பொதுமக்களுக்கான அலைவரிசையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை நீக்கியது. ஏறத்தாழ நூறு மீட்டர்வரை பிசகக்கூடிய கணக்கு, சில மீட்டர் அளவுக்குச் சுருங்கியது. உலகின் எந்தத் தெருமுனையும் விளையாட்டுத் திடலாகலாம் என்பதற்கான வழி திறந்தது.

நினைவிடத்தில் ஒரு விளையாட்டு

2016 ஜூலையில் ‘போக்கிமான் கோ’ வெளிவந்தது. சில வாரங்களுக்குள் கோடிக்கணக்கானோர் கைப்பேசியை ஏந்தித் தெருக்களில் அலைந்து, கண்ணுக்குப் புலப்படாத விலங்குகளைப் பிடித்தனர். இவ்விளையாட்டு கட்டோவின் கட்டத்தை நம்பியதன்று. செயற்கைக்கோள் இடங்காட்டியையே நம்பியது. ஆட்டக்காரர் நாடிச் செல்ல வேண்டிய இடங்கள் எங்கிருந்து வந்தன என்பது கருதத்தக்கது. நையான்டிக் நிறுவனம் 2012-இல் தொடங்கிய ‘இன்கிரெஸ்’ என்னும் முந்தைய விளையாட்டுக்காக ஆட்டக்காரர்களே அனுப்பியவை அவற்றுள் பல. சிலைகள், நினைவுக்கற்கள், ஆலயங்கள், வரலாற்றுப் பலகைகள் எனக் கண்ணில் பட்ட சிறப்பிடங்களையெல்லாம் அவர்கள் அனுப்பினர். நாட்சி வதைமுகாம்களின் நினைவிடங்களும் அப்பட்டியலில் நுழைந்திருந்தது 2015-இலேயே வெளிப்பட்டு, நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. எவர் மனத்திலும் தீய எண்ணம் இருந்ததாகச் சொல்ல முடியாது. மக்கள் நினைவுகூரத் தக்கவை என்று போற்றிய காரணத்தாலேயே அவ்விடங்கள் விளையாட்டுக்குள் இழுக்கப்பட்டன.

போக்கிமான் கோ வெளிவந்த அதே ஜூலையில், ஆஷ்விட்ஸ் நினைவு அருங்காட்சியகமும் வாஷிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகமும் தங்கள் வளாகங்களில் இவ்விளையாட்டு வேண்டாமென்று கேட்டுக்கொண்டன. 2016 செப்டம்பரில், விளையாட்டு இந்தியாவில் முறைப்படி வெளியாகும் முன்பே, வழிபாட்டிடங்களில் முட்டைகள் காட்டப்படுவதை எதிர்த்து எழுந்த வழக்கில் குஜராத் உயர்நீதிமன்றம் விளக்கம் கேட்டது.

ஹிரோஷிமாவிலும் இதுவே நிகழ்ந்தது. 1945 ஆகஸ்டு 6 காலை 8.15-க்கு அணுகுண்டு வீழ்ந்த பகுதியில் அமைந்த அமைதி நினைவுப் பூங்காவில், விளையாட்டின் நிறுத்தங்கள் பல இருந்தன. மறைந்தோருக்காகத் தலைகுனிய வந்தவர்களுக்கு அருகிலேயே மற்றவர்கள் விலங்குகளைத் தேடிக்கொண்டிருந்தனர். ஆகஸ்டு 6 நினைவு நாளுக்குமுன் அவற்றை நீக்குமாறு நகர நிர்வாகம் கேட்டுக்கொண்டது; அவ்வாறே நீக்கப்பட்டன. கேமராவுக்குத் தான் நிற்கும் இடத்தைக் கணிக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் பணியாற்றிய நகரமே, பதினேழு ஆண்டுகளுக்குப் பின், ‘இது எத்தகைய இடம் என்று தெரியுமா?’ என்று உலகைக் கேட்க வேண்டியிருந்தது.

எஞ்சி நிற்கும் கேள்வி

இன்று கட்டமும் தேவையில்லை. ஆப்பிள் நிறுவனத்தின் ‘ஏ.ஆர்.கிட்’ 2017-இலும், கூகுள் நிறுவனத்தின் ‘ஏ.ஆர்.கோர்’ 2018-இலும் முழுமையாக வெளியாயின. தரையின் கீறல், சுவரின் மூலை போன்ற புள்ளிகளைக் கேமராவால் கண்டு, கைப்பேசியின் அசைவை உணரிகளால் அளந்து, இவை தாமே இடத்தைக் கணித்துக்கொள்கின்றன. நையான்டிக் நிறுவனம் 2024 நவம்பரில், ஆட்டக்காரர்கள் படம்பிடித்து அனுப்பிய இடங்களின் துணையோடு உலகின் இடங்களை உணரும் பெரும் கணினி மாதிரியை உருவாக்கி வருவதாக அறிவித்தது. 2025-இல் போக்கிமான் கோவை வேறு நிறுவனத்திற்கு விற்றுவிட்டு, இடவரைவுப் பணியைத் தனி நிறுவனமாகத் தொடர்ந்தது. விளையாட்டைவிட இடத்தைப் பற்றிய அறிவை அது பெரிதாக மதித்தது போலும்!

கருவியின் இடனறிதல் இவ்வாறு வளர்ந்திருக்கிறது. ஆனால் இழவு வீட்டைக் கடக்கும் ஒருவர் மிதிவண்டியிலிருந்து இறங்கி, மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டு, தள்ளிக்கொண்டு போகிறாரே, அதுவும் இடனறிதல்தான். அவ்வறிவு அட்சரேகையிலும் தீர்க்கரேகையிலும் கிடைப்பதன்று. அங்கே அழுதவர்களிடமிருந்து கிடைப்பது. கொலம்பியாவிலும் ஒலிம்பியாவிலும் பணிபுரிந்தோர் முதலில் அந்த இடத்தின் கதையைக் கேட்டனர். பிறகு அதற்கேற்ப உருவங்களை வரைந்தனர். எனவே குறை கருவியினுடையது என்று சொல்லித் தப்பிவிட இயலாது.

நம் பிள்ளைகளுள் சிலர் நாளை இம்மென்பொருள்களைக் கொண்டு விளையாட்டுகளையும் காட்சிகளையும் படைப்பார்கள். படைக்கட்டும், மகிழ்வோம். ஒரு தெருவின்மேல் முதல் உருவத்தை வைக்குமுன், அத்தெருவில் வாழ்வோரிடம் ஒரு சொல் கேட்க அவர்களுக்குக் கற்றுத் தந்திருக்கிறோமா? ஹிரோஷிமா நகரம் கேட்ட பின்னரே அவை நீக்கப்பட்டன. கேட்கக் குரலற்ற சிற்றூர்க் கல்லறைகளுக்காக யார் கேட்பார்?