ஆகஸ்டு 1: ஒரு தேதியும் மிண்டன் என்னும் பெயரும்



நம் பள்ளிகளின் காலைக் கூட்டங்களில் 'வரலாற்றில் இன்று' என்றொரு பகுதி இடம்பெறுவதை ஆசிரியப் பெருமக்கள் அறிவீர்கள். மாணவர் ஒருவர் முன்வந்து, அன்றைய தேதியில் வெவ்வேறு ஆண்டுகளில் நடந்த நான்கைந்து நிகழ்ச்சிகளைப் படித்துவிட்டுச் செல்வார். அவற்றுள் போர்களே மிகுதி. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன தொடர்பு என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால், தேதி ஒன்றே தொடர்பு என்றுதான் பெரும்பாலும் சொல்ல வேண்டியிருக்கும். அது தற்செயல், தற்செயலைப் பாடமாக்க இயலாது. ஆயினும் அத்தகைய பட்டியல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள நிகழ்ச்சிகள் நம் தீவுக்கு எவ்வழியாக வந்து சேர்ந்தன என்று பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதே இன்றைய என் ஆய்வு. தேதி ஆகஸ்டு 1. அதைத் தேர்ந்ததற்குக் காரணம், அத்தேதியின் பெயர்ப்பலகை கெலுகோரிலேயே நிற்கிறது.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1969இல் பினாங்குப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியபோது, புக்கிட் கெலுகோரில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக் கட்டடத்தில்தான் வகுப்புகள் நடந்தன. 1971இல் அருகிலிருந்த பிரிட்டிஷ் படைமுகாம் அதற்குக் கிடைத்தது. முகாமின் பெயர் மிண்டன். படை போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. நம் மாணவர்கள் அதை நாள்தோறும் முகவரியில் எழுதுகிறார்கள். மிண்டன், வெசர் ஆற்றங்கரையிலுள்ள ஜெர்மானிய நகரம் என்று அவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்?

1759ஆம் ஆண்டு ஆகஸ்டு 1 அன்று அந்நகருக்கு வெளியே, பிரன்சுவிக் இளவரசர் பெர்டினாந்து தலைமையிலான பிரிட்டிஷ்–ஜெர்மானியக் கூட்டுப்படை, மார்ஷல் கொந்தாத் தலைமையிலான பிரெஞ்சுப் படையை வென்றது. அப்போரின் புகழ் ஒரு பிழையால் விளைந்தது. முரசு ஒலித்த பின் முன்னேறுக என்பதே ஆணை. முரசு ஒலித்துக்கொண்டே முன்னேறுக என்று அது பொருள்கொள்ளப்பட்டது என்பர். மொழி மன்றத்தில் இதைச் சொல்லாமல் விடலாமா? ஒரு வினையெச்சம் இடம் மாறியதால் பிரிட்டிஷ் காலாட்படையின் ஆறு படைப்பிரிவுகள் பிரெஞ்சுக் குதிரைப்படையை நோக்கித் தாமே நடந்தன. அலையலையாய் வந்த குதிரைகளை அணி குலையாமல் நின்று சுட்டு வீழ்த்தின. அவற்றின் வழிவந்த படைப்பிரிவுகள் ஆகஸ்டு 1ஐ மிண்டன் நாள் என்று பெயரிட்டு, தொப்பியில் ரோசாப்பூ அணிந்து கொண்டாடி வந்தன. அவற்றுள் ஒன்றான சஃபோக் படைப்பிரிவு 1949 முதல் 1953 வரை, அவசரகாலத்தில், மலாயாவில் பணியாற்றியது.

மிண்டனில் தமிழர் எவரும் போரிடவில்லை. ஆனால் அதே போர் தமிழ் மண்ணிலும் நடந்துகொண்டிருந்தது என்பதை நம் பாடநூல்கள் தனி அத்தியாயத்தில் வைத்துவிடுவதால் தொடர்பு மறைந்துவிடுகிறது. ஏழாண்டுப் போரின் களம் ஐரோப்பாவோடு நிற்கவில்லை. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். வெளியே செங்கல்பட்டுப் பக்கத்தில் யூசுப்கான் என்னும் மருதநாயகம் தம் வீரர்களுடன் முற்றுகைப் படையை அலைக்கழித்தார். 1759 பிப்ரவரியில், ஆங்கிலக் கப்பல்கள் வந்ததும் லாலி பின்வாங்கினார். அடுத்த ஆண்டு ஜனவரி 22 அன்று வந்தவாசியில் தோற்றார். 1761இல் புதுச்சேரியும் வீழ்ந்தது. சோழமண்டலக் கரையில் எதிரியில்லாத நிலையைப் பெற்ற அந்தக் கும்பினிதான் 1786இல் பிரான்சிஸ் லைட்டின் வழியாக இத்தீவில் கொடி நாட்டியது. (கும்பினிக்கு அத்துணை உழைத்த யூசுப்கானை அதன் படையும் நவாபும் சேர்ந்து 1764இல் மதுரையில் தூக்கிலிட்டது வேறு கதை.)

இரண்டாவது நிகழ்ச்சி 1798ஆம் ஆண்டுக்குரியது. ஆகஸ்டு 1 மாலை, எகிப்தின் அபுகீர் விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்த பிரெஞ்சுக் கப்பற்படையை நெல்சன் தாக்கினார். 13 பெரும் போர்க்கப்பல்களில் 11 பிடிபட்டன அல்லது அழிந்தன. எகிப்தில் இறங்கியிருந்த நெப்போலியனுக்குக் கடல்வழி அடைபட்டது. பிரெஞ்சு உதவியை எதிர்பார்த்திருந்த திப்பு சுல்தானின் நிலையும் அதனால் மேலும் தனிமைப்பட்டது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. மைசூர்ப் போர் முடிந்த சில மாதங்களில் கும்பினிப் படை பாளையக்காரர்கள்மீது திரும்பியது. அவ்வாண்டு செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சி தாக்கப்பட்டது. அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலேறினர்.

இனி நம் கரைக்கு வருவோம். 1802 பிப்ரவரி 11 அன்று, சின்ன மருதுவின் மகன் துரைசாமி, சிவகங்கையின் வேங்கன் பெரிய உடையணத் தேவர் உள்ளிட்ட 73 பேர் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டனர். தந்தையையும் உறவினரையும் இழந்த துரைசாமி அப்போது சிறுவன். அவர்கள் நாடு கடத்தப்பட்ட இடம் வேல்ஸ் இளவரசர் தீவு, அதாவது பினாங்கு. அவர்களைச் சுமந்து வந்த கப்பலின் பெயர் 'அட்மிரல் நெல்சன்'. அபுகீர் விரிகுடா வெற்றியால் உலகறிந்த பெயர், மூன்றரை ஆண்டுகளில், தமிழ்க் கைதிகள் வந்த மரக்கலத்தின் முகப்பில் ஏறிவிட்டது. இதைத் தற்செயல் என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. ஒரு பேரரசு தன் வெற்றியைக் கொண்டாடும் பெயரும் தன் எதிரிகளை அகற்றும் கருவியும் ஒன்றாகவே இருந்தன.

மூன்றாவது நிகழ்ச்சி நமக்கு இன்னும் அண்மையில் வருகிறது. 1914 ஆகஸ்டு 1 அன்று ஜெர்மனி உருசியாமீது போர் அறிவித்தது. மூன்றே மாதத்தில் அதன் விளைவு ஜார்ஜ் டவுன் துறைமுகத்தில் வெடித்தது. செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், அக்டோபர் 28 விடியற்காலையில் இங்கு வந்தது. பிரிட்டிஷ் கப்பல்போல் தோன்றுவதற்காகப் பொய்யாக நான்காவது புகைபோக்கி ஒன்றைப் பொருத்திக்கொண்டு உள்ளே நுழைந்தது. உருசியப் போர்க்கப்பல் ஜெம்சுக் நங்கூரத்திலேயே டார்பீடோக்களால் மூழ்கடிக்கப்பட்டது. அதன் தலைவர் அவ்விரவில் கப்பலில் இல்லை, கரையில் இருந்தார். மாலுமிகள் 89 பேர் இறந்தனர். வெளியேறும் வழியில் மூஸ்கே என்னும் பிரெஞ்சுக் கப்பலையும் எம்டன் அழித்தது.

தமிழில் சூழ்ச்சியும் துணிவும் மிக்கவரை 'எம்டன்' என்று அழைக்கும் வழக்கு அப்போது பிறந்தது. அக்கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்ற கதையும் கூடவே வளர்ந்தது. கேட்பதற்கு இனிய கதைதான், வரலாற்றாய்வில் நிற்காதது. வகுப்பறையில் அதைச் சொல்லும் ஆசிரியர்கள் கதை என்றே சொல்லிவிடுவது நலம்.

இங்கே ஒரு சிக்கலையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஜெர்மனி போர் அறிவித்த ஆகஸ்டு 1, உருசியரின் பழைய நாட்காட்டியில் ஜூலை 19. ஜெம்சுக் மூழ்கிய நாள் அவர்களுக்கு அக்டோபர் 15. இங்கிலாந்தும் 1752 வரை பழைய நாட்காட்டியையே பின்பற்றியது; மிண்டன் போர் பத்தாண்டுகள் முன்னர் நடந்திருந்தால் அது ஆங்கிலேயருக்கு ஜூலை 21 ஆகியிருக்கும், ரோசாப்பூவும் வேறொரு நாளில் சூடப்பட்டிருக்கும். பாளையங்களில் வாழ்ந்த நம் மக்களுக்கோ ஆகஸ்டு என்ற பேச்சே இல்லை. அவர்கள் கணக்கில் அது ஆடி மாதம். 'ஒரே நாள்' என்று நாம் எளிதாகச் சொல்வது, வென்றவர்களின் நாட்காட்டி எங்கும் பரவிய பிறகு கிடைத்த வசதி.

நாளை நினைவில் வைத்திருப்பதற்கு வெற்றி கட்டாயமன்று. 1944 ஆகஸ்டு 1 அன்று வார்சா நகர மக்கள் நாஜிப் படைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து, இரண்டு மாதப் போரில் தோற்றார்கள். இன்றும் ஆண்டுதோறும் அந்நாள் மாலை ஐந்து மணிக்குச் சங்கொலி எழும்ப, அந்நகரம் நின்ற இடத்தில் நிற்கிறது. ஜெம்சுக் மாலுமிகளுக்கும் பினாங்கில் கல்லறையும் நினைவுக்கல்லும் உண்டு. தூத்துக்குடியில் ஏற்றப்பட்ட 73 பேரை நம் பள்ளிகள் எந்த நாளில் நினைக்கின்றன?

அடுத்த பிப்ரவரி 11 பள்ளி நாளாக அமையுமானால், காலைக் கூட்டத்தில் ஒரு மாணவரை இவ்வளவு மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள்: 1802ஆம் ஆண்டு இதே நாளில், தமிழ்க் கைதிகள் 73 பேரை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் நம் தீவை நோக்கிப் புறப்பட்டது. கப்பலின் பெயரையும் சேர்த்து வாசிக்கட்டும். அந்தப் பெயர் ஏன் என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்பார்.