‘தாவ்’ என்னும் கலப்பெயரும் கடற்கொள்ளை என்னும் குற்றப்பெயரும்

அரபிக்கடலில் பாய்விரித்தோடும் அரபு வணிகக் கலங்களை ஆங்கிலேயர் ‘டவ்’ என்பர். தமிழ் இதழ்களில் அது ‘தோ’ என்றும் ‘தவ்’ என்றும் ‘தாவ்’ என்றும் எழுதுவோர் விருப்பப்படி மாறி வரும். இப்பெயர் ‘தாவு’ என்னும் தமிழ் வினையடியாகப் பிறந்தது, அலைமேல் தாவிச் செல்வதால் அப்பெயர் பெற்றது என்பார் ஒருசாரார். ‘தோணி’யே ஈறு கெட்டுத் ‘தோ’ ஆயிற்று என்பார் மற்றொருசாரார். இவ்விரு விளக்கங்களும் ஒலியொப்புமை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டவை. அச்சொல் எந்தக் கரையில், யாருடைய வாயில், எவ்வகைக் கலத்தைக் குறித்து வழங்கியது என்னும் வினாவை இரண்டுமே எழுப்பவில்லை. கட்டுமரம் என்னும் சொல் ஐரோப்பிய மொழிகளிலும், கப்பல் என்னும் சொல் மலாய் மொழியிலும் ஐயத்திற்கிடமின்றி நிலைபெற்றிருக்க, இல்லாத சான்றைத் தேடி அலைவது தமிழுக்குப் பெருமை சேர்ப்பதாகாது.

‘தாவு’ என்பதை முதலில் தள்ளிவிடலாம். குதிரையும் மானும் தாவுவதாகப் புலவர் பாடினரேயன்றி, அவ்வினையிலிருந்து பிறந்த கலப்பெயர் எதனையும் ஆளவில்லை. வங்கம், நாவாய், அம்பி, பஃறி, திமில் எனக் கலப்பெயர்களை வரிசைப்படுத்தும் மரபில் ‘தாவு’ இடம்பெறவில்லை. ‘தோணி’யின் செய்தி வேறு. புறநானூற்று 343ஆம் பாட்டில், பெருங்கலம் கொண்டுவந்த பொன்னைக் கழியில் ஓடும் தோணி கரைக்குக் கொண்டுசேர்க்கிறது. கடல் கடந்து வருவது கலம், கழியில் ஓடுவது தோணி என்று முசிறித் துறையைக் கண்முன் நிறுத்தும் அப்பாட்டு தெளிவாகப் பிரித்துவைத்திருக்க, அத்தோணியையே அரபுநாட்டு மாக்கலத்தின் தாயாகக் காட்டுவது பொருந்துமாறில்லை. மேலும், தோணி என்னும் சொல் மாலத்தீவுக்குச் சென்றபோதும் ‘தோனி’ என்றே நின்றது. ஆங்கிலேயர் எழுத்தில் ஏறியபோதும் ‘டோனி’ என்றே நின்றது. சென்ற நாடெல்லாம் மூக்கொலியைக் காத்துக்கொண்ட சொல், அரபுக் கரையில் மட்டும் அதனைத் தொலைத்தது என்று கொள்வதற்கு ஒலிநூலில் இடமில்லை.

அரபு மாலுமிகள் தம் கலங்களைத் ‘தாவ்’ என்று பொதுப்பெயரால் அழைத்தவரல்லர் என்பதே இவ்வாராய்ச்சியில் முதன்மையானது. அவர்கள் கலத்தின் கட்டமைப்பை, சிறப்பாக முன்னணியமும் பின்னணியமும் அமைந்த வகையை நோக்கிப் பெயரிட்டனர். பின்புறம் அகன்று, சித்திர வேலைப்பாடும் பலகணிகளும் கொண்ட பெருங்கலம் ‘பக்லா’. இருமுனையும் கூர்ந்து, முன்புறம் நீண்ட கட்டை நீட்டிக்கொண்டிருப்பது ‘பூம்’. தாழ்ந்து வளைந்த முன்னணியம் உடையது ‘சம்பூக்’. இவையன்றி ‘கஞ்சா’, ‘பத்தில்’, ‘ஜல்பூத்’ எனப் பல உள. பக்லா என்பது அரபு மொழியில் கோவேறு கழுதையைக் குறிக்கும். சுமை தாங்கும் விலங்கின் பெயர் சுமை தாங்கும் கலத்திற்கு ஆகிவந்தது என்பது இயல்பான விளக்கமாயிருக்க, அதனைப் போர்த்துக்கீசியரின் கப்பற்பெயரொன்றின் திரிபாகக் கருதுவோரும் உளர். அண்டங்காக்கையைக் குறிக்கும் ‘குராப்’ என்னும் சொல்லைப் போர்க்கலத்திற்கு இட்ட அரபியர் கோவேறு கழுதைக்காகப் போர்த்துக்கீசியரிடம் கடன்பட வேண்டியதில்லை. இக்கலங்களோடு தமிழ்க்கரைக்கு வந்த சொற்கள் உண்மையிலேயே உள்ளன. கற்பிப்பவன், வழிகாட்டுபவன் என்னும் பொருளுடைய ‘முஅல்லிம்’ என்பதே தமிழில் ‘மாலுமி’ ஆயிற்று. ‘சுக்கான்’ அரபுச் சொல். கலத்தலைவனைக் குறிக்கும் ‘நகுதா’ பாரசீகச் சொல். இத்துணைச் சொற்களைத் தந்த கடல்வழி ‘தாவ்’ என்பதை மட்டும் தமிழ் மாலுமியின் வாயில் வைக்காமற் போனதே, அது அக்கலத்தாரின் அன்றாட வழக்கன்று என்பதைக் காட்டும்.

அவ்வாறாயின் அச்சொல்லைக் கடலெங்கும் பரப்பியவர் யாவர்? பம்பாய் அரசின் அதிகாரிகளும் கடற்படையினருமே. 1797இல் பூஷஹர் துறையில் ‘வைப்பர்’ என்னும் கிழக்கிந்தியக் கம்பெனிக் கலம் தாக்கப்பட்டதும், 1808இல் ‘மினர்வா’ கைப்பற்றப்பட்டதும் பாரசீக வளைகுடாவின் தென்கரையை அவர்கள் ‘கொள்ளையர் கரை’ என்று எழுதக் காரணமாயின. ராசல் கைமாவையும் ஷார்ஜாவையும் ஆண்ட அல் காசிமி குலத்தார் மேல் பழி விழுந்தது. காசிமி என்பதன் பன்மை ‘கவாசிம்’. அக்கரைப் பேச்சில் சில இடங்களில் ககர ஒலி ஜகரமாக மாறும். ‘ஷாரிகா’ ‘ஷார்ஜா’ ஆனதும் இவ்விதியாலேயே. அம்முறையில் ‘ஜவாசிம்’ என ஒலித்த குலப்பெயரை அதிகாரிகள் ‘ஜோவாஸ்மி’ என்று எழுதினர். நாளடைவில் அவ்வெழுத்துரு குலப்பெயர் என்னும் நிலையிலிருந்து வழுவி, கொள்ளையன் என்பதற்கு மறுபெயர்போல் கடிதங்களில் நடமாடிற்று; எக்குலத்தான் தாக்கினாலும் தாக்கியவன் ஜோவாஸ்மி என்று எழுதப்படும் நிலை தோன்றிற்று. 1809 நவம்பரில் ராசல் கைமா எரிக்கப்பட்டது. 1819 டிசம்பரில் மேஜர் ஜெனரல் வில்லியம் கிராண்ட் கீர் ஏறத்தாழ 3,000 படைவீரருடன் வந்து அதனை மீண்டும் வீழ்த்தினார். 1820 ஜனவரியில் பொதுக் கடல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

சொல்லாராய்ச்சிக்கு அவ்வுடன்படிக்கை ஒரு புதையல். அரசு அரசுக்கு எதிராக வெளிப்படையாக அறிவித்து ஆணையிட்டு நடத்துவதே போர் என்றும், அறிவிப்பும் ஆணையுமின்றி ஆளைக் கொன்று பொருளைப் பறிப்பது கொள்ளை என்றும் அது வரையறுக்கிறது. குலப்பகையும் பழிவாங்கலும் கரையிலும் கடலிலும் ஒன்றாகவே கருதப்பட்ட நாட்டில், இவ்வரையறை ஒரே நாளில் பழைய பகைச்செயல்கள் பலவற்றைக் குற்றமாக்கிவிட்டது. ஒவ்வொரு கலமும் இரண்டு தாள்களை வைத்திருக்கவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது: ஒன்றில் கலத்தின் பெயர், நீளம், அகலம், அது எத்தனை ‘காரா’ கொள்ளும் என்னும் கணக்கு, மற்றொன்றில் உரிமையாளர் பெயர், நகுதாவின் பெயர், ஆட்களின் தொகை, ஆயுதங்களின் தொகை, எத்துறையிலிருந்து எப்போது புறப்பட்டு எத்துறைக்குச் செல்கிறது என்னும் விவரம். காரா என்பது அக்கடல் வணிகர் சரக்கேற்றத்தை அளந்த அலகு. மரக்கலத்தையும் நெல்லளவையும் ‘கலம்’ என்னும் ஒரே சொல்லால் குறித்த தமிழர்க்கு, கலத்தை அதன் கொள்ளளவால் அறியும் இம்முறை புதிதன்று. கொடிக்கும் விதி இருந்தது: சிவப்புத் துணியைச் சூழ வெண்கரை அமையவேண்டும். இவ்வளவு நுணுக்கமாகக் கலத்தின் தனிப்பெயரைத் தாளில் கேட்ட அதே நிர்வாகந்தான், பின்னாளில் தன் எழுத்தில் அக்கலங்கள் அனைத்தையும் ‘தாவ்’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்தது.

1820க்குப் பின் வளைகுடாவில் தாக்குண்டவை பெரும்பாலும் அரபு வணிகக் கலங்களும் முத்துக்குளிக்கும் படகுகளுமே, தாக்கியவரும் அரபியரே. இங்கு அதிகாரிகள் நடந்துகொண்ட முறை ஒரே தன்மையினதன்று. ரஹ்மா பின் ஜாபிர் என்னும் தலைவன் பஹ்ரைன் கலங்களை ஆண்டுக்கணக்காகத் தாக்கிவந்தான். ஆயினும் ஆங்கிலக் கொடியைத் தீண்டாமல் விலகி நடந்தமையால், 1826இல் பகைவர் சூழ்ந்தபோது தன் கலத்தைத் தானே வெடிவைத்துத் தகர்த்து மாயும்வரை, ஆங்கிலேயர் அவனைப் பெரிதும் விட்டுவைத்தனர். ஒரே செயல் ஆங்கிலக் கலத்தின்மேல் நிகழ்ந்தால் கொள்ளை, அரபுக் கலத்தின்மேல் நிகழ்ந்தால் உள்ளூர்ப் பூசல் என்னும் இந்நிலை 1835இல் மாறத்தொடங்கிற்று. அவ்வாண்டில் பனீ யாஸ் குலத்தார் கலங்களைச் சூறையாட, கம்பெனியின் ‘எல்பின்ஸ்டன்’ கப்பல் அவர்களோடு பொருதது. அதன்பின் பூஷஹரில் ரெசிடெண்டாக, அதாவது ஆங்கில அரசின் நிலைப் பிரதிநிதியாக இருந்த சாமுவேல் ஹென்னல், முத்துக்குளிப்புப் பருவம் முழுவதும் கடலில் போர் தவிர்க்கத் தலைவர்களை இசைவித்தார். பின்னர் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட அவ்விசைவு, 1843இல் பத்தாண்டு உடன்பாடாகவும், 1853இல் நிலையான கடலமைதி உடன்பாடாகவும் வளர்ந்தது. தாக்குண்டவன் பழிக்குப்பழி வாங்காமல் ரெசிடெண்டிடம் முறையிடவேண்டும், தாக்கியவனின் தலைவன் இழப்பீடு தரவேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. அன்றுமுதல் அரபு நகுதாவின் முறையீடு ஆங்கில எழுத்தனின் பேரேட்டில் ஏறிற்று. பக்லாவில் வந்தவனும் பத்திலில் வந்தவனும் அப்பேரேட்டில் சிறிது சிறிதாகத் ‘தாவ்’காரன் ஆனான்.

கவாசிம் கொள்ளையரே என்று பெல்கிரேவ் போன்ற ஆங்கில நூலாசிரியர் எழுத, கொள்ளைக் கதை வணிகப் போட்டிக்காகக் கம்பெனி புனைந்த கட்டுக்கதை என்று ஷார்ஜாவின் ஆட்சியாளர் சுல்தான் பின் முகமது அல் காசிமி 1986இல் வெளிவந்த தம் நூலில் மறுத்தார். முன்னவர் கம்பெனிக் கடிதங்களை அப்படியே நம்பினர். பின்னவர் தம் முன்னோர்க்காக வாதிட்டார். தாக்குண்ட அரபு நகுதாவின் பக்கம் இருவருமே போதிய அளவு நிற்கவில்லை.

‘தாவ்’ என்பது தொடக்கத்தில் பொதுப்பெயரன்று என்பதற்கு ஆங்கிலச் சான்றே உண்டு. யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886இல் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, மேற்கிந்தியக் கடலில் ஆங்கிலேயர் அச்சொல்லை நீண்ட முன்னணியமுடைய பழைய அரபுக் கலவகைக்கே சிறப்பாக வழங்கினர் என்கிறது. இடையில் ஹகரம் செருகிய ‘dhow’ என்னும் எழுத்துமுறையினும் அது இல்லாத ‘dow’ என்னும் எழுத்துமுறையே திருத்தமானது என்றும் கருதுகிறது. கிழக்காப்பிரிக்கக் கரையில் அடிமை வணிகத்தை ஒடுக்கச் சென்ற கடற்படையினர்தாம், கண்ட பாய்க்கலம் அனைத்தையும் அப்பெயரால் அழைத்தனர். சலிவன் என்னும் கடற்படைத் தலைவர், சன்சிபார்க் கடலில் தாம் நடத்திய வேட்டையைப் பற்றி 1873இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே அச்சொல்லைப் பொறித்தார். பிரெஞ்சு அதிகாரிகள் அதே கலங்களை ‘பூத்ர்’ என்றனர். ஓமானியரின் கலங்களுக்குப் பிரெஞ்சுக் கொடி தரும் உரிமை பற்றிய வழக்கு 1905இல் ஹேக் நடுவர் மன்றத்தில் முடிவுற்றபோது, ஒரு தரப்பு அவற்றை ‘டவ்’ என்றது, மறுதரப்பு ‘பூத்ர்’ என்றது. வழக்கிற்குரிய கலங்களை ஓட்டிய ஓமானின் சூர் நகரத்தார் வேறு பெயர்களால் அழைத்தனர்.

இனி இச்சொல்லின் பிறப்பு. சுவாகிலி மொழியின் ‘தௌ’ என்பதே மூலம் என்பார் கூற்று நிலைக்காது. அங்கு ‘தௌ’ மீனவரின் சிறுபடகு. பெருங்கலத்திற்குப் பெயர் ‘ஜஹாசி’, அதுவும் வந்தேறிய சொல். 15ஆம் நூற்றாண்டில் ஓர்முஸ் துறையிலிருந்து குதிரையுடன் குசராத்துப் பக்கம் கடல் கடந்த உருசிய வணிகர் அபனாசி நிகித்தின், தாம் ஏறிய கலத்தைத் ‘தாவா’ என்று எழுதிவைத்துள்ளார். இது ஆங்கிலேய அதிகாரிகளுக்கு முந்நூறு ஆண்டு முற்பட்ட சான்று. கிடைத்த இடமோ பாரசீகக் கரை. பாரசீகத்தில் ‘தவீதன்’ என்பது ஓடுதல். அதன் அடி ‘தவ்’. நிகித்தின் காட்டும் வகரம் அவ்வடியில் அப்படியே உள்ளது. ஓடுதற் பொருளில் கலப்பெயர் பிறப்பது இயல்பே என்பதற்குத் தமிழின் ‘ஓடம்’ போதும். ஓடு என்னும் வினையடியாகப் பிறந்த அது, கடலோடி என்னும் கூட்டிலும் வாழ்கிறது. தமிழுக்கும் இச்சொல்லுக்கும் உள்ள உறவு இப்பொருளொப்புமை மட்டுமே, குருதியுறவு இல்லை.

ஆகவே ‘தாவ்’ பாரசீகக் கடற்கரைச் சொல்லாதல் கூடும். ஒருவகைக் கலத்திற்கு உரியதாயிருந்து, ஆங்கில அதிகாரிகளின் எழுத்தால் எல்லாக் கலத்திற்கும் பொதுவாயிற்று. தமிழில் அகராதி தொகுப்போர் ‘தாவு’, ‘தோணி’ என்னும் மூலங்களை நீக்குவதோடு, பக்லா, பூம், சம்பூக், பத்தில் என்னும் பெயர்களைத் தனித்தனிப் பதிவுகளாகச் சேர்க்கவேண்டும். ‘ஜோவாஸ்மி’ என்பதைக் குலப்பெயராகவன்றி வேறு பொருளில் எழுதலாகாது.