மூச்சும் உழைப்பும்: சீக்கியத்தின் பெயரால் எழுந்த ஒரு யோக இயக்கம் பற்றிய வரலாற்று நோக்கு

1

சீக்கிய சமயத்தின் முதற் குருவாகிய நானக் (1469–1539) ஈழத்துக்கு வந்து சென்றார் என்றொரு மரபுக்கதை பஞ்சாபில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. குருவின் வாழ்க்கையைக் கூறும் ஜனம்சாகிகள் எனும் கதைத் தொகுதிகள், 'சங்கலாதீப்' என்ற தீவில் சிவநாப் எனும் அரசன் குருவைக் கண்டு அடியவனானான் என்கின்றன. அத்தீவு நமது சிங்களத்தீவே என்பது மரபினர் கொள்கை. பிற்கால எழுத்தாளர் சிலர் சிவநாபின் நாட்டைக் கிழக்குக் கரையில், மட்டக்களப்புப் பக்கத்தில் தேடியுமுள்ளனர். 1968 இல் வெளிவந்த 'குரு நானக்கும் சீக்கிய சமயமும்' என்ற நூலில் மக்லியொட் இக்கதைகளை வரலாற்றுச் சான்றின் துலாவிலிட்டு நிறுத்து, ஈழப் பயணத்தை வரலாறாக ஏற்க இயலாதென முடிவு கட்டினார்.

கதை வரலாறன்று என்பதனால் அது பயனற்றதாகிவிடாது. அக்கதையோடு ஒட்டி வரும் நூலொன்றே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளியாகும். 'பிராண் சங்கலி', அதாவது மூச்சுச் சங்கிலி என்பது அதன் பெயர். மூச்சடக்கம், நாடிகள் முதலிய யோக நுட்பங்களைப் பேசும் அந்நூலைக் குரு நானக்கே சிவநாபின் நாட்டில் அருளினார் என்பர். ஐந்தாம் குருவாகிய அர்ஜன் 1604 இல் ஆதி கிரந்தத்தைத் தொகுத்தபோது, அந்நூலைப் பெற்றுவர அடியவர் ஒருவரை ஈழத்துக்கு அனுப்பினார் என்றும், கொண்டுவரப்பட்ட பிரதியை ஆராய்ந்து, அது நானக்கின் வாக்கன்று எனத் தள்ளினார் என்றும் மரபு கூறுகிறது. நிகழ்ச்சி நடந்ததோ இல்லையோ, இக்கதையைப் பேணிய சமுதாயம் ஒன்றைத் தெளிவாக உணர்ந்திருந்தது: நானக்கின் பெயரால் யோகம் வரக்கூடும், வருமாயின் அதனைச் சோதித்தே ஏற்க வேண்டும்.

ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகளின் பின்னர், வேறொரு கடலுக்கு அப்பால், அதே வினா மீண்டும் எழுந்தது. 1969 இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் யோகி பஜன் என்பார் தொடங்கிய இயக்கம் குண்டலினி யோகத்தையும் சீக்கியத்தையும் ஒன்றாகவே கற்பித்தது. அவ்வியக்கம் சீக்கிய சமயத்தை உண்மையாகப் பிரதிநிதித்துவம் செய்கிறதா என்ற விவாதம் அன்றுதொட்டு நடைபெற்று வருகிறது. அவ்விவாதம் பெரும்பாலும் உடை, பட்டம், சடங்கு ஆகியவற்றைச் சுற்றியே சுழன்றுள்ளது. சமுதாய வரலாற்று நோக்கில் அதனை மீளக் கேட்பதே இங்கு நமது நோக்கம்.

2

'உண்மையான சமயம்' என்ற தொடரையே முதலில் ஐயுறுதல் வேண்டும். இதனை எழுதும் பாலையூற்றில் லூர்து அன்னையின் திருத்தலம் உண்டு. 1858 இல் பிரான்சின் மலையடிவார ஊரொன்றில் ஏழைச் சிறுமியொருத்தி கண்ட காட்சியிலிருந்து பிறந்த வழிபாடு, திருகோணமலைத் துறைமுகத்து மக்களின் நேர்த்திகளிலும் கண்ணீரிலும் வேர் கொண்டு விட்டது. கடல் கடந்தமையால் அது பொய்யாகவில்லை. எனவே அமெரிக்க வெள்ளையர் தலைப்பாகை அணிந்தமையை மட்டுங் கொண்டு அவர்தம் சீக்கியத்தை மறுப்பது சமயத்தைக் குருதியோடு பிணைக்கும் இனவாதமாகவே முடியும். பஞ்சாபியர் இவர்களைக் 'கோரா சீக்கியர்', அதாவது வெள்ளைச் சீக்கியர் என அழைத்தமையில் இக்குறை ஓரளவு உண்டு. அளவுகோலை வேறிடத்திலேயே தேட வேண்டும்.

சீக்கியம் எந்தச் சமுதாயத் தேவையிலிருந்து தோன்றியது? பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளின் வட இந்தியாவில் கைவினைஞரும் சிறு வணிகரும் உழவரும் தமது உழைப்புக்கு ஆன்மிக மதிப்பைக் கோரிய பெரும் பக்தி இயக்கத்தின் ஒரு கிளை அது. ஆதி கிரந்தத்தில் நெசவாளர் கபீரும், தோல் தொழிலாளர் ரவிதாசும், தையற்காரர் நாமதேவரும் இடம்பெற்றமை தற்செயலன்று. நானக் தமது இறுதிக் காலத்தைக் கர்தார்பூரில் வயலில் உழைத்து வாழும் இல்லறத்தாராகவே கழித்தார். உழைத்து உண்ணல், பகிர்ந்து உண்ணல், இறைநாமத்தை நினைத்தல் என்ற மூன்றையும் மரபு அவருடைய போதனையின் சாரமாகக் கொள்கிறது. சாதி வேறுபாடின்றி ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் 'லங்கர்' எனும் பொது அடுக்களை அச்சாரத்தின் நிறுவன வடிவமாகும்.

அக்காலப் பஞ்சாபில் மக்களிடையே பெரும் செல்வாக்குற்றிருந்தவர்கள் கோரக்நாதரின் வழிவந்த நாத யோகியர். காதைத் துளைத்துக் குண்டலமிட்டு, சாம்பர் பூசி, பிச்சைப் பாத்திரம் ஏந்தித் திரிந்த அவர்கள், உடலின் உள்ளே மறைந்த ஆற்றலை எழுப்பும் இரகசிய வித்தையைத் தம்மிடம் வைத்திருந்தனர். நானக் அவர்களோடு வாதிட்டார். ராம்கலி ராகத்தில் அமைந்த 'சித்த கோஷ்டி' எனும் நீண்ட பாடல் அவ்வாதத்தின் இலக்கிய வடிவம். நாதரின் சொற்களை அவர் ஒதுக்கவில்லை. எடுத்தாண்டு பொருளை மாற்றினார். குண்டலமும் சாம்பரும் பிச்சைப் பாத்திரமும் அவருடைய வாக்கில் மன நிறைவு, தியானம், நாணம் முதலிய பண்புகளாக உருமாறுகின்றன. வீட்டை விட்டோடி, உழைப்போரின் வாசலிலேயே பிச்சைக்கு நிற்பதிலுள்ள முரண்பாட்டை அவர் சுட்டிக்காட்டினார். ஆகவே சீக்கிய நூல்களில் யோகக் கலைச்சொற்கள் காணப்படுவதைக் கொண்டு சீக்கியம் யோக நெறியென வாதிடுவது, வாதியின் சொற்களை எதிர்வாதி மேற்கோளாக ஆண்டமை கொண்டு இருவரும் ஒரு கட்சியினர் என்பது போன்றதாகும்.

ஆயினும் சீக்கிய வரலாற்றில் துறவு நெறிக்கு இடமேயிருக்கவில்லை என்பதும் சரியன்று. நானக்கின் மகன் ஸ்ரீசந்தைத் தலைமையாகக் கொண்ட உதாசிகள் துறவிகளே. பதினெட்டாம் நூற்றாண்டின் அடக்குமுறைக் காலத்தில் குருத்துவாராக்கள் பலவற்றைக் காத்தவர்களும் அவர்களே. பின்னர் அக்கோயில்களோடு சேர்ந்த நிலங்களின் வருவாய் பெருக, அவற்றின் மகந்துகள் நிலவுடைமையாளராயினர். பிரித்தானிய ஆட்சியின் ஆதரவையும் பெற்றனர். 1920 இல் சிரோமணி குருத்துவாரா பிரபந்தக் குழு தோன்றியதும், 1921 பெப்ரவரியில் நன்கானா சாகிபில் மகந்தின் அடியாட்கள் சீர்திருத்தக்காரரைக் கொன்று குவித்ததும், 1925 இல் குருத்துவாராச் சட்டம் நிறைவேறியதும் இந்த முரண்பாட்டின் கட்டங்களாகும். இன்று நாம் காணும் 'தூய' சீக்கியம், பஞ்சாப் உழவர் பெருமளவிற் பங்குகொண்ட ஒரு போராட்டத்தின் விளைவு. அது வானிலிருந்து இறங்கியதன்று. எனினும் அப்போராட்டம் யாருக்காக, எதை எதிர்த்து நடைபெற்றது என்பது நமது அளவுகோலுக்கு இன்றியமையாதது.

3

யோகி பஜனின் இயற்பெயர் ஹர்பஜன் சிங் பூரி. 1929 இல் இன்றைய பாகிஸ்தானின் பகுதியில் பிறந்தவர். 1947 இன் பிரிவினையால் அகதியாகி, டெல்லியில் சுங்க அதிகாரியாகப் பணியாற்றினார். 1968 இல் கனடாவின் ரொறன்ரோவுக்குச் சென்று, அங்கிருந்து லொஸ் ஏஞ்சல்சுக்கு மாறினார். 1965 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் ஆசியருக்கு அமெரிக்காவின் கதவைத் திறந்திருந்தது. வியட்நாம் போரில் வெறுப்புற்ற நடுத்தர வர்க்க இளைஞர் பெற்றோரின் செல்வத்தையும் அரசின் பொய்களையும் ஒருங்கே துறக்க வழி தேடிக்கொண்டிருந்தனர்.

திருகோணமலை வாசகருக்கு இக்காலப்பகுதி அந்நியமன்று. சிவானந்தரின் தெய்வ நெறிக் கழகப் பணிக்காக 1953 இல் ஈழத்துக்கு வந்து திருகோணமலையிலும் பின்னர் கண்டியிலும் இருந்த கோவைப் பகுதித் தமிழராகிய சச்சிதானந்த சுவாமி, 1966 இல் நியூயோர்க் சென்று, 1969 இல் வுட்ஸ்டொக் இசைவிழாவைத் தொடக்கி உரையாற்றினார். அதே சந்தையில், அதே ஆண்டில் யோகி பஜனும் நுழைந்தார். முன்னவர் எல்லாச் சமயங்களுக்கும் பொதுவான யோகம் என்றார். பின்னவரோ ஒரு குறித்த சமயத்தின் பெயரையும் உடையையும் யோகத்தோடு பிணைத்தார். பிணைத்தமையாலேயே உரிமை பற்றிய வினாவும் எழுந்தது.

அவர் கற்பித்த யோகத்தின் மூலம் எது? ஆயிரமாயிரம் ஆண்டுகள் மறைபொருளாகக் காக்கப்பட்ட வித்தை என்றே இயக்கம் கூறியது. 2012 இல் பிலிப் டெஸ்லிப் வெளியிட்ட ஆய்வு, தொடக்க காலப் பதிவுகளைக் கொண்டு வேறொரு சித்திரத்தைத் தருகிறது. தீரேந்திர பிரம்மச்சாரியின் உடற்பயிற்சி முறையும் டெல்லியைச் சேர்ந்த மகராஜ் விர்சா சிங்கின் பக்தி நெறியும் அதில் இணைந்துள்ளன என்பது அவர் முடிபு. முதலில் விர்சா சிங்கையே ஆசானாகப் போற்றிய யோகி பஜன், 1971 ஆம் ஆண்டளவில் அவரை விட்டு நீங்கியதும் ஆசான் பரம்பரையும் மாற்றி எழுதப்பட்டது. 84 அமெரிக்க மாணவருடன் இந்தியா சென்ற பயணத்திலேயே இம்முறிவு நேர்ந்தது. அப்பயணம் அமிர்தசரசில் முடிந்தது. சீக்கிய அடையாளம் இயக்கத்தின் மையமாக இறுகியதும் அதன் பின்னரே.

'சிரி சிங் சாகிப்' என்ற பட்டத்தையும், மேற்கு அரைக்கோளத்துச் சீக்கியரின் தலைமையையும் அவர் உரிமை கோரினார். 1977 இல் அமெரிக்க வார ஏடாகிய 'டைம்' இவரது நெறியைச் 'செயற்கைச் சீக்கியம்' எனத் தலைப்பிட்டு எழுதியது. அதே ஆண்டில் சீக்கிய அறிஞர் திரிலோசன் சிங், தாந்திரிக யோகத்தைச் சீக்கியத்தோடு கலப்பதை மறுத்து ஒரு தனி நூலே எழுதினார். அவருடைய மறுப்பு கோட்பாட்டு நிலையில் வலுவானது. ஆனால் கோட்பாட்டோடு நின்றுவிட்டால் பிரச்சினையின் பாதியே புலப்படும்.

4

மறைக்கப்பட்ட மறுபாதி அமெரிக்கச் சீக்கியரின் சொந்த வரலாறாகும். யோகி பஜன் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே கலிபோர்னியாவின் பண்ணைகளிலும், பசிபிக் கரையின் மர ஆலைகளிலும் பஞ்சாபித் தொழிலாளர் உழைத்தனர். 1912 இல் ஸ்டொக்டனில் அவர்கள் குருத்துவாரா அமைத்தனர். 1913 இல் உருவாகிய கதர் கட்சியின் முதல் தலைவர் சோகன் சிங் பாக்னா மர ஆலைத் தொழிலாளியாக இருந்தவர். 1914 இல் கொமகாட்டா மாரு கப்பல் வான்கூவர் துறைமுகத்திலிருந்து திருப்பியனுப்பப்பட்டது. மேற்கில் சீக்கியம் முதலிற் பேசிய மொழி உழைப்பின் மொழி. ஏகாதிபத்திய எதிர்ப்பின் மொழி. ஓர் அரைக்கோளம் முழுவதற்கும் தலைமை கோரும் பட்டம் அம்மனிதரை வரலாற்றின் பின்கட்டுக்குத் தள்ளிவிடுகிறது.

அடுத்தது உழைப்பின் உறவு. இயக்கத்தின் ஆச்சிரமங்களைச் சுற்றி வணிக நிறுவனங்கள் வளர்ந்தன. யோகியின் பெயரிலேயே தேயிலைப் பானம் விற்கப்பட்டது. 1980 இல் நிறுவப்பட்ட அகால் பாதுகாப்புக் கம்பனி, அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் காவலுக்கு அரச ஒப்பந்தங்களைப் பெற்றது. சொற்பக் கூலிக்குத் தொண்டெனக் கருதி உழைத்ததை முன்னாள் உறுப்பினர் பலர் கூறியுள்ளனர். நானக் உழைப்பை மதித்தது உண்மை. ஆனால் உழைப்பின் பயனைத் தலைமை கொள்வதற்காக அவர் அதை மதிக்கவில்லை. 'தொண்டு' என்ற சொல் கூலியற்ற உழைப்பை மூடும் போர்வையாகும்போது, சமயத்தின் சொல் எஞ்சுகிறது, பொருள் தலைகீழாகிறது.

மூன்றாவதும் மிகக் கொடியதும் அதிகாரத்தின் உறவு. பத்தாம் குருவாகிய கோவிந்த் சிங் 1708 இல் மறைந்தபின் மனித குருவுக்கு இடமில்லை. கிரந்தமே குரு என்பது சீக்கியத்தின் அடிப்படை. இவ்வியக்கத்திலோ யார் யாரை மணப்பது என்பதையே ஆசான் தீர்மானித்தார். சீடர்களின் பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து இந்திய விடுதிப் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். 2004 இல் அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலான பின், 2020 இல், முன்னாள் செயலாளரான பெண்ணொருவரின் நினைவு நூல் வெளிவந்தது. அதன் தொடர்ச்சியாக இயக்கத்தின் நிறுவனங்களே நியமித்த புறநிலை விசாரணை, அவர் பெண்கள் மீது பாலியல் வன்முறையும் அதிகாரத் துஷ்பிரயோகமும் புரிந்தமை பெரும்பாலும் உண்மையாகவே இருத்தல் கூடும் என முடிவு கூறியது. இதனைத் தனிமனித ஒழுக்கக் கேடென ஒதுக்குதல் பொருந்தாது. மறைபொருளான வித்தை, அதனை அறிந்த ஒரே ஆசான், அவன் கையில் சீடரின் உடலும் உழைப்பும் குடும்பமும் என்ற அமைப்பே அதற்கு இடமளித்தது. நாத யோகியரோடு நானக் வாதிட்டது வெறும் மூச்சுப் பயிற்சி பற்றியன்று. இத்தகைய மறைபொருள் அதிகாரம் பற்றியுமாகும்.

5

அங்ஙனமாயின் விடை யாது? பட்டத்தாலும் உடையாலுமன்றி, அச்சமயம் எந்தச் சமுதாய உறவை நிலைநாட்டத் தோன்றியதோ அந்த உறவால் அளந்தால், இவ்வியக்கத்தின் யோகமும் தலைமையும் சீக்கியத்தைப் பிரதிநிதித்துவம் செய்யவில்லை. அது எதிர்த்து நின்றதையே அதன் பெயரால் மீட்டுக் கொணர்ந்தன. ஆனால் இயக்கத்தின் வழியே வந்து, பஞ்சாபி கற்று, கிரந்தத்தை ஓதி, பொது அடுக்களையில் ரொட்டி சுட்ட ஆண்களையும் பெண்களையும் இத்தீர்ப்பில் அடக்குதல் நீதியன்று. ஏமாற்றப்பட்டோர் அவர்கள். அவர்களுட் சிலரே முதலில் வாய் திறந்தோரும்.

தீர்ப்புக் கூறும் பஞ்சாபும் இதே அளவுகோலுக்கு உட்பட்டதே. சாதியை மறுத்த குருக்களின் நாட்டில் நிலம் பெரும்பாலும் ஜாட் சாதியினர் கையிலும், தாழ்த்தப்பட்டோரின் குருத்துவாராவும் சுடுகாடும் பல கிராமங்களில் வேறாகவும் இருக்கும்வரை, உடைத் தூய்மையை மட்டும் காவல் செய்வோரின் குரலில் வெறுமை ஒலிக்கவே செய்யும்.

நமக்கும் இது பிறர் வீட்டுக் கதையன்று. சாதியையும் கோயிற் சடங்கையும் சாடிய நம் சித்தர்களை, அச்சாடலை நீக்கிவிட்டு, மூச்சுப் பயிற்சியும் இரசவாதமுமாக விற்கும் வணிகம் தமிழுலகிலும் வளர்ந்துள்ளது. சித்தர் பெயரால் வரும் ஒவ்வொன்றையும் நோக்கி நாம் கேட்க வேண்டியவை சில: இதில் யார் உழைக்கின்றனர்? பயன் யாரைச் சேருகிறது? ஆசானை நோக்கி 'ஏன்' எனக் கேட்கச் சீடருக்கு, குறிப்பாகப் பெண்ணுக்கு, உரிமை உண்டா? மூச்சுச் சங்கிலியைக் கையிலெடுத்துச் சோதித்த ஐந்தாம் குருவின் கதை, நடந்ததாயினும் இல்லாவிடினும், அந்த உரிமையையே நினைவூட்டுகிறது. அச்சுவடி போனதாகச் சொல்லப்படும் நமது கரையிலிருந்து அதனை மறவாதிருத்தல் நம் கடன்.